ஜேம்ஸ் பிரவுன் சிலையின் கால்களையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், இசைக் கலைஞர்களுக்கு அவரவர் ஊரில் வைத்திருக்கும் சிலைகளைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனும் இருந்ததைப் பார்த்து மனசு நிறைந்துபோனது. தமிழ்ப் பத்திரிகையில் அவர் பெயர் வருவதே அபூர்வம், வந்தாலும் மைக்கேல் ஜாக்சன் யாரைப் பார்த்து ஆடக் கற்றுக்கொண்டார் என்ற ஒரு வரியோடு போய்விடும். ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு விஷயம் உறுத்தியது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படத்துக்குக் கீழே "பிறந்த ஊரான ஆகஸ்டாவில்" என்று போட்டிருக்கிறீர்கள். படத்தையும் இடுப்போடு வெட்டிவிட்டீர்கள்.

முதலாவதைத் திருத்துவது சுலபம். அவர் பிறந்தது பக்கத்து மாநிலமான சவுத் கரோலினாவில், பார்ன்வெல் என்ற சின்ன ஊருக்கு வெளியே பைன் காட்டுக்குள் ஓர் ஒற்றை அறைக் குடிசையில், 1933 மே 3ஆம் தேதி. ஜார்ஜியாவில் இருக்கும் ஆகஸ்டா அவர் வளர்ந்த ஊர். சரி, அது ஒரு வரித் திருத்தம். படத்தை வெட்டியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பக்கத்தில் இடம் போதாமல் வெட்டியிருப்பீர்கள் என்பது புரிகிறது, ஆனாலும் அந்தச் சிலையில் முக்கியமாகப் பார்க்கவேண்டியதே கீழேதான் இருக்கிறது. அந்தச் சிலைக்குப் பீடம் கிடையாது. தெருவில் நடந்து போகிற நீங்களும் நானும் எந்தத் தரையில் கால் வைக்கிறோமோ, அதே மட்டத்தில்தான் அவரை நிறுத்தியிருந்தார்கள்.

வேலைக்காக ஆகஸ்டாவுக்கு வந்து குடியேறியவன் நான். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் நம் வாசகர்கள் பலருக்கும் ஏப்ரல் மாதம் டிவியில் வரும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டிதான் நினைவுக்கு வரும், பச்சைக் கோட்டு, பூத்துக் குலுங்கும் செடிகள், உயரமான வேலி. 1990 வரை கறுப்பினத்தவர் ஒருவரைக்கூட உறுப்பினராகச் சேர்க்காத கிளப் அது. ஆகஸ்டாவின் நடுவில் இருப்பது வேறு இடம், பிராட் ஸ்ட்ரீட். நல்ல அகலமான தெரு, இரண்டு பக்கமும் பழைய செங்கல் கட்டடங்கள், நடுவில் மரங்களோடு ஒரு நீளமான திட்டு. அந்தத் திட்டில்தான் 2005 மே 6 அன்று, அவர் உயிரோடு இருக்கும்போதே, அவரையே வைத்துக்கொண்டு சிலையைத் திறந்தார்கள். அப்போது அவருக்கு 72 வயது.

ஆள் உயர வெண்கலம். தோளிலிருந்து கீழே விழும் அந்தப் புகழ்பெற்ற அங்கி, கையில் மைக் ஸ்டாண்டு, வாய் நிறையச் சிரிப்பு. அவர் ஒன்றும் நெடிய மனிதரில்லை, அதனால் பக்கத்தில் போய் நின்றால் முகத்துக்கு நேரே முகம் வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் வந்து தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதையும், ஒரு பாட்டி தன் பேரனை அந்த வெண்கல ஷூவின் மேல் ஏற்றி நிற்கவைத்து, விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். அண்ணாந்து பார்க்கவேண்டிய சிலையிடம் யாரும் இப்படி உரிமை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதே தெருவில், அதே நடுத்திட்டில், ஒரு பிளாக் தள்ளி இன்னொரு நினைவுச்சின்னம் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காகச் சண்டை போட்ட தென் மாநிலக் கூட்டமைப்புப் படைக்காக 1878ல் எழுப்பியது. இத்தாலியிலிருந்து வந்த பளிங்கு, 76 அடி உயரம். உச்சியில் ஒரு சாதாரணச் சிப்பாய், அடியில் நான்கு மூலையிலும் நான்கு தளபதிகள், அதில் ராபர்ட் லீயும் ஒருவர். பீடத்தில் பொறித்திருக்கும் வரியைப் படித்தால் வயிற்றைப் பிசையும். இத்தனை வெண்மையாகவும் அழகாகவும் எழுந்த தேசம் வேறு இல்லை, இத்தனை குற்றமற்று வீழ்ந்த தேசமும் வேறு இல்லை என்று அந்தக் கல் சொல்கிறது. மனிதர்களை விலைக்கு வாங்கி விற்ற ஓர் அரசைப் பற்றி எழுதிய வரி அது. அதை அகற்றவேண்டும் என்று இங்கே பலரும் கேட்டாகிவிட்டது, ஆனால் இப்படிப்பட்ட சின்னங்களை எடுக்க விடாமல் ஜார்ஜியா மாநிலச் சட்டமே குறுக்கே நிற்கிறது. அந்த 76 அடிக் கல்லையும், தரையில் நிற்கும் ஆள் உயர வெண்கலத்தையும் ஒரே நடையில் பார்த்தவர்களுக்கு அப்புறம் விளக்கம் தேவைப்படாது. உங்கள் படத்தில் இடுப்புக்குக் கீழே போனது அதுதான்.

அந்தத் தெருவுக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா விட்டுவிட்டுப் போனபோது அவருக்கு நாலு வயது. அப்பா பைன் மரத்தில் பிசின் இறக்கும் கூலி வேலை. கொஞ்ச நாளில் பையனை ஆகஸ்டாவில் ட்விக்ஸ் தெருவில் இருந்த ஓர் உறவுக்கார அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வீடு ஒரு விபசார விடுதி. பள்ளிக்கூடத்துக்குப் போனால் "போதுமான உடுப்பு இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். உலகப் போர்க் காலம், ஊருக்குப் பக்கத்தில் கேம்ப் கார்டன் ராணுவ முகாம், சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் பாலத்தின் மேல் போகும்போது இந்தப் பையன் நின்று ஆடுவான், அவர்கள் வீசுகிற சில்லறையைப் பொறுக்கி வீட்டு வாடகைக்குக் கொடுப்பான். மற்ற நேரம் ஷூ பாலிஷ். ஊரின் டபிள்யூஆர்டிடபிள்யூ வானொலி நிலையத்து வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்வான். மூன்று சென்ட்டில் ஆரம்பித்து, ஐந்தாகி, ஆறாகி, பத்து சென்ட்டை எட்டவே இல்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

16 வயதில் கார்களை உடைத்துத் திருடியதற்காகப் பிடித்தார்கள். 1949ல் நீதிமன்றம் கொடுத்த தண்டனை எட்டிலிருந்து 16 வருடம். பதினாறு வயதுப் பையனுக்கு, கார் திருட்டுக்கு! முதலில் ரோம், அப்புறம் டொக்கோவா என்று ஜார்ஜியாவில் வேறு வேறு ஊரில் வைத்திருந்தார்கள். டொக்கோவாவில் பாபி பேர்ட் என்ற உள்ளூர் இளைஞருக்கு இவருடைய குரல் பிடித்துப்போய், அவர் குடும்பம் கைகொடுத்தது, ஓர் உள்ளூர் வியாபாரி வேலை தருவதாகப் பொறுப்பேற்றுக்கொண்டார், மூன்று வருடத்தில் வெளியே வந்தார். விடுதலைக்கு ஒரு நிபந்தனை, ஆகஸ்டாவுக்குத் திரும்பக்கூடாது. எந்த ஊருக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று எழுதி வாங்கினார்களோ, அந்த ஊரின் மெயின் தெருவில்தான் 53 வருடம் கழித்து அந்தச் சிலையை வைத்தார்கள்.

பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. 1956ல் வந்த முதல் இசைத்தட்டு "ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்". ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கெஞ்சுகிற பாட்டு, கிங் ரெக்கார்ட்ஸ் முதலாளி சிட் நேதனுக்குக் கேட்ட மாத்திரத்தில் பிடிக்கவில்லை, ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மேடையில் இந்தப் பாட்டின் முடிவில்தான் முழங்காலிட்டு விழுவார், டேனி ரே என்பவர் வந்து அங்கியைப் போர்த்தி மெல்ல அழைத்துப் போவார், நாலு அடி போனதும் அங்கியை உதறிவிட்டு மறுபடி மைக்குக்கு ஓடி வருவார், மறுபடி விழுவார். சிலையின் தோளில் இருக்கும் அங்கி அதுதான். 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க் ஹார்லெமில் அப்பல்லோ அரங்கில் பாடியதை அப்படியே பதிவு செய்து வெளியிடலாம் என்றார், நேதன் காசு தர மறுத்துவிட்டார், ஏற்கெனவே வந்த பாட்டுகளை மறுபடி யார் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. பிரவுன் கைக்காசைப் போட்டுப் பதிவு செய்தார். அந்த ஆல்பம் அமெரிக்க விற்பனையைக் கணக்கிடும் பில்போர்டு பட்டியலில் 66 வாரம் இருந்தது, இரண்டாம் இடம் வரை போனது.

அதுவரை சோல் என்று கேட்ட, கறுப்பின மக்களின் உருக்கமான இசையை அறுபதுகளின் நடுவில் அவர் வேறு திசைக்குத் திருப்பினார். கிட்டார், டிரம்ஸ், பிராஸ் வாத்தியங்கள், குரல் எல்லாம் தாளத்தின் முதல் அடியில் ஒன்றாக வந்து இறங்கவேண்டும், அதுதான் அவருடைய சட்டம், அதை அவர் "தி ஒன்" என்று மட்டும் சொல்வார். நம்மில் தாளம் போட்டுப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், சமத்துக்கு வந்து சேருகிற அந்தச் சுகம்தான் அதில் இருக்கிறது. ஃபங்க் என்று ஓர் இசை வகையே இதிலிருந்துதான் கிளம்பியது, ஹிப்ஹாப்காரர்கள் இன்றுவரை வெட்டி ஒட்டிப் பயன்படுத்துவது அவருடைய டிரம்மர் க்ளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த சில விநாடிகளைத்தான். தப்பு ஸ்வரம் வாசித்தால் அபராதம், ஷூ பளபளக்காமல் மேடை ஏறினாலும் அபராதம் என்று தன் குழுவை நடத்தினார். அது கொடுமைதான், பல கலைஞர்கள் அவரை விட்டுப் போகவும் அது காரணம். ஆனால் ஷூவைப் பற்றி அத்தனை கண்டிப்பு ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

1968 வாக்கில் அவர் டபிள்யூஆர்டிடபிள்யூவை வாங்கினார். வாசலில் உட்கார்ந்து பாலிஷ் போட்ட அதே நிலையம்.

இரண்டு வருடத்தில் அந்த நிலையத்துக்கு ஒரு வேலை வந்தது. 1970 மே மாதம், சார்ல்ஸ் ஓட்மன் என்ற 16 வயதுக் கறுப்பினப் பையன் ஆகஸ்டாவில் இருந்த கவுண்டி (மாவட்ட) ஜெயிலில் செத்துப்போனான், உடம்பெல்லாம் காயம். மே 11 அன்று மக்கள் திரண்டார்கள், கலவரமாக வெடித்தது, கடைகள் எரிந்தன. அன்று ராத்திரி போலீஸ் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். ஆறு பேரும் கறுப்பினத்தவர்கள், ஆறு பேருக்கும் குண்டு பாய்ந்தது முதுகில். பிரவுன் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார், இனப் பிரிவினையைப் பெருமையோடு ஆதரித்த ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸைச் சந்தித்துப் பேசினார், வானொலியில் உட்கார்ந்து ஜனங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். இரண்டு வருடம் முன்பு மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள் பாஸ்டனில் அவர் நடத்திய கச்சேரியை டிவியில் நேரடியாகக் காட்டி அந்த ஊரை அமைதியாக வைத்த கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆகஸ்டாவில் நடந்ததை யாரும் எழுதுவதில்லை, உங்கள் பக்கத்திலும் இல்லை. முதுகில் சுடப்பட்ட அந்த ஆறு பேரை இந்த ஊரே நீண்ட காலம் வெளிப்படையாகப் பேசாமல்தான் வைத்திருந்தது. அவர் சிலையைப் பற்றி எழுதும்போது அவர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாம் நல்லதாகவே சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். 1988 செப்டம்பரில் துப்பாக்கியோடு ஒரு கூட்டத்துக்குள் நுழைந்து ரகளை செய்து, போலீஸ் துரத்தத் துரத்த ட்ரக்கை மாநில எல்லை தாண்டி ஓட்டி, டயர்களைச் சுட்டுத்தான் நிறுத்த முடிந்தது. ஆறு வருடத் தண்டனை, 1991 பிப்ரவரியில் வெளியே வந்தார். போதைப் பழக்கம் இருந்தது. அதைவிட மோசம், கூட வாழ்ந்த பெண்களை அடித்தார். சிலை திறப்பதற்கு ஒரு வருடம் முன்புகூட, 2004 ஜனவரியில், மனைவியைத் தாக்கிய வழக்கில் கைதானார், குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் அபராதம் கட்டினார். இதையெல்லாம் இந்த ஊர்ப் பெண்கள் மறந்துவிடவில்லை, மறக்கவும் தேவையில்லை. சிலை வைத்திருக்கவே கூடாது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் எனக்கு அந்தச் சிலை வேண்டும். கோயில் சாமியைப் போல உயரத்தில் வைத்திருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். தரையில் நிற்பவரைப் பார்த்து "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்கலாம், எனக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

கடைசிக் காலத்தில் அவர் குடியிருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், சவுத் கரோலினாவில் பீச் ஐலண்டில். ஆனாலும் நன்றி நாள் (தேங்க்ஸ்கிவிங்) வந்தால் ஆகஸ்டாவில் ஏழைக் குடும்பங்களுக்கு வான்கோழி, கிறிஸ்துமஸ் வந்தால் குழந்தைகளுக்குப் பொம்மை, வருடா வருடம் நேரில் வந்து தன் கையாலேயே கொடுப்பார். 2006 டிசம்பர் 22 அன்று அதே பிராட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் இம்பீரியல் தியேட்டரில் பொம்மை கொடுத்தார். மூன்று நாளில், கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை அட்லாண்டா ஆஸ்பத்திரியில் போய்விட்டார். சேதி கேட்டு ஜனங்கள் போன இடம் அந்தச் சிலைதான், காலடியில் பூவும் மெழுகுவர்த்தியும் குவிந்தன. டிசம்பர் 30 அன்று அவர் பெயரில் இருக்கும் ஜேம்ஸ் பிரவுன் அரங்கில் இறுதி அஞ்சலி, ஆயிரக்கணக்கில் கூட்டம். மைக்கேல் ஜாக்சன் வந்து அவர் நெற்றியில் முத்தமிட்டது இங்கே இன்றும் பேச்சில் வரும்.

இன்னொரு விஷயம், இதைத்தான் நீங்கள் தனிக் கட்டுரையாகவே போடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2000ல் எழுதிய உயிலில், தன் பாட்டுகளின் உரிமையிலிருந்து வரும் பணம் பெரும்பாலும் ஓர் அறக்கட்டளை வழியாக ஜார்ஜியாவிலும் சவுத் கரோலினாவிலும் இருக்கும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே போகவேண்டும் என்று எழுதிவைத்தார். உடுப்பு போதவில்லை என்று பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பிய பையன் எழுதிய உயில் அது. அவர் கண் மூடியதுமே வழக்கு ஆரம்பித்தது. யார் சட்டப்படி மனைவி, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சவுத் கரோலினா உச்ச நீதிமன்றம் வரை போய், 2013ல் ஒரு சமரச ஒப்பந்தத்தை அந்த நீதிமன்றம் தள்ளிவிட்டு, 2020ல் இன்னொரு தீர்ப்பு வந்து, கடைசியில் 2021 டிசம்பரில் பிரைமரி வேவ் என்ற நிறுவனத்துக்கு அவர் சொத்தும் இசை உரிமைகளும் கைமாறின, சுமார் 9 கோடி டாலருக்கு என்று செய்தி வந்தது. அவர் இறந்து பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடத்தில் ட்விக்ஸ் தெரு பக்கம் பிறந்து, வளர்ந்து, பள்ளி முடித்து, கல்லூரிக்குப் போகக் காசில்லாமல் வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்! அந்தப் பணம் அவர்களுடையது. வெண்கலத்துக்கு மாலை போடுவதைவிட, அந்த உயிலை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவதுதான் அவருக்குச் செய்யவேண்டிய மரியாதை என்று இங்கே பேச்சு வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பத்திரிகைக்கு அமெரிக்காவில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அறக்கட்டளைப் பணம் எந்தப் பள்ளிக்கு, எந்தப் பிள்ளைக்கு, எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று ஒருவரை அனுப்பி விசாரித்து எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்டாவில் தங்குவதற்கும், ஊரைச் சுற்றிக் காட்டுவதற்கும் என்னால் ஆனதைச் செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஆகஸ்டா, ஜார்ஜியா